பச்சை என்றாள் அம்மா

ரப்பர் பேண்டை இழுத்து நெற்றியில் சுண்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லிங்கிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துப் பால் மரங்களுக்கு நடுவில் பிறந்து, ஒட்டுப்பால் நாற்றத்திலேயே பள்ளிப் பாடம் படித்தவளிடம் ரப்பரால் வரும் வலியைப் பற்றிச் சொல்கிறாரே என்று.

ஆனால் அவர் சொன்னது சரியில்லை. ரப்பர் பேண்டு இல்லை அது. கடுகு தாளிக்கும்போது முகத்துக்கு நேராகத் தெறிக்கும் எண்ணெய். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, நகர்ந்து நகர்ந்து, எண்ணி முடிக்க முடியாதபடி. லேசர் சிகிச்சை எல்லாம் முடிந்து, தோல் ஆறி, வெயிலில் குடையில்லாமல் நடக்கலாம் என்று அனுமதியும் கிடைத்த பிறகு இதை எழுதுகிறேன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கன்னத்தில் தார் புதைந்தவர்கள், பட்டாசு முகத்தில் வெடித்துப் புள்ளி புள்ளியாக நின்றுபோனவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. பார்க்கிற இடத்தில் நிறுத்திக் கேட்கிறார்கள். வலிக்குமா? வலிக்கும். போகுமா? போகும். ஆனால் எது போகும் என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது ஆறு வயது. அறுபதுகளின் தொடக்கம். எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் அடுப்பில் எரிந்து மிஞ்சும் கரியையும் கட்டியையும் மழைக்காலத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துப் பாதைக் குழிகளில் கொட்டுவார்கள். சிவப்பு மண் பாதையில் அங்கங்கே கறுப்புத் திட்டு. அந்தப் பாதையில் வாரத்துக்கு ஒருநாள் மதியம் ஐஸ்கிரீம்காரர் மோட்டாரில் மணியடித்துக்கொண்டு வருவார். அந்த மணி முதலில் புகைக் கொட்டகைப் பக்கம் கேட்கும், பிறகு மரங்களுக்குள் தொலைந்துபோகும், பிறகு திடீரென்று நம் வாசலிலேயே கேட்கும். அது தொலைந்துபோன இடைவெளியில் போய்விட்டார் என்று நினைத்து ஓடினேன், கரித் திட்டு ஒன்றில் தடுக்கி விழுந்தேன். காசை இறுக்கிப் பிடித்த கையை ஊன்ற மனம் வரவில்லை. முகம்தான் ஊன்றியது.

இரு புருவங்களுக்கும் நடுவில் கிழிந்து, கரி உள்ளே இறங்கிவிட்டது. அம்மா முதலில் காப்பித்தூளை வைத்து அழுத்தினாள். பிறகு தோட்டத்து டிரஸ்ஸரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்தக் காலத்தில் தோட்டங்களில் டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் டிரஸ்ஸர்தான் எங்களுக்கு எல்லாம். அவர் காப்பித்தூளுக்காக அம்மாவைத் திட்டிக்கொண்டே பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக என் நெற்றியைத் தேய்த்தார். நான் கத்தியது மூன்றாவது லயம் வரைக்கும் கேட்டது என்று பின்னாளில் சொல்வார்கள்.

காயம் ஆறியது. புருவ நடுவில் வட்டமாக ஒரு கறுநீலப் பொட்டு நின்றது. அதைச் சுற்றிச் சில பொடிப் புள்ளிகள். வீட்டில் அதற்குக் கரி என்று பெயர். "கரியில எண்ணெ தடவிக்க", "கரி இன்னைக்கு நல்லா தெரியுது" என்பாள் அம்மா. பள்ளியில் பொட்டுக்காரி. கல்யாணமான பிறகு என் வீட்டுக்காரர் சொல்வார், "கண்ணாடி பாக்காம பொட்டு வைக்கிற பொம்பள மலேசியாவுலயே இவ ஒருத்திதான்." அவர் சிரம்பானில் பஸ் ஓட்டினார். போர்ட் டிக்சன் போகிற கடைசி பஸ் முடிந்து வந்தால் கடல் மணம் சட்டையில் இருக்கும். ஒரு காலை, டிப்போவில், ஸ்டியரிங்கில் தலைவைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு.

பதினாறாம் நாள் என் நெற்றியை அழிக்க உட்காரவைத்தார்கள். குங்குமம் ஒரு துடைப்பில் போனது. அதற்கடியில் கரி. என் மூத்த நாத்தனார், அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், நனைத்த துணியால் தேய்த்தார். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தார். அப்புறம் யாரையோ பார்த்து, "கொஞ்சம் புளி கொண்டாங்க" என்றார். குத்துவிளக்கு தேய்க்கிற புளி. அந்தத் துக்கத்திலும் எனக்குள் ஒரு மூலை இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னா வசந்தா இது, போவாதா?"

"போவாது அண்ணி. உள்ள இருக்கு."

அவர் கை நின்றது. சுவரோரம் அம்மா உட்கார்ந்திருந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அதற்குப் பிறகு நான் இரண்டு பெண்களாக இருந்தேன். தெரிந்தவர்களுக்குப் புருஷன் இல்லாதவள். தெரியாதவர்களுக்குச் சுமங்கலி. சிரம்பானை ஒட்டிய ராசாவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு அம்மா கையைப் பிடித்து இழுப்பார்: "வாங்கக்கா, நலங்கு வைக்க ஆள் கொறையுது." எனக்குப் புருஷன் இல்லை என்பேன். அவர் என் நெற்றியைப் பார்ப்பார். அப்புறம் என் கழுத்தைப் பார்ப்பார். முகம் மாறும் அந்த ஒரு நொடியை நான் எத்தனை மண்டபங்களில் பார்த்திருக்கிறேன்!

என் மகள் மாலதிக்கு வரன் அமைந்தபோது அது வேறு மாதிரி வந்தது. சம்பந்தியம்மா ராசாவில் துணிக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷி. தாரை வார்த்துக் கொடுக்க மாலதியின் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கட்டும் என்று முதலில் பேசினார்கள். அப்பா இல்லாத பெண்ணுக்கு அப்படித்தான் வழக்கம், ஒரு ஜோடி வேண்டும். மாலதி முகம் சுருங்கியதைச் சம்பந்தியம்மா பார்த்துவிட்டார். என் பக்கம் சாய்ந்து, அன்பாகத்தான் சொன்னார்:

"நீங்களே பெரியப்பாவோட முன்னால நில்லுங்கம்மா. அதான் பொட்டு இருக்கே. பாக்குறவங்களுக்கு என்னா தெரியப் போவுது?"

எல்லாருக்கும் சந்தோஷம். நான்தான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். என் மகளை நான் கொடுப்பதற்கு என்னை அழைக்கவில்லை. புகைக் கொட்டகை அடுப்பிலிருந்து வந்த கரியை அழைத்திருக்கிறார்கள். அதோடு என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கல்யாணத்துக்கு ஒன்பது மாதம் இருந்தது. கரியை எடுத்துவிடப் போகிறேன் என்றேன். அண்ணி தலையிலடித்துக்கொண்டார். "உனக்குப் பைத்தியமா லா? அது இருக்கறதாலதான் நிக்கச் சொல்றாங்க. எடுத்துட்டா பின் வரிசைதான்." அவர் சொன்னது உண்மை. எடுத்தால் என் மகள் பக்கத்தில் நிற்கும் இடம் போகலாம். எடுக்காவிட்டால் நிற்பது நானில்லை.

சிரம்பானில் ஒரு தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கு லேசர் வேண்டும், கோலாலம்பூருக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கொமுட்டர் ரயில் அப்போதுதான் சிரம்பானுக்கு வந்திருந்தது. அம்மாவும் கூட வருவேன் என்றாள். எழுபது வயதில் அவளுக்குப் புது ரயில் மேல் ஆசை என்று நினைத்தேன்.

பெரிய மருத்துவமனை. ஆறாவது மாடி. பதிவு எழுதும் பெண் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பச்சை குத்தியதை நீக்க என்று மலாயில் கட்டத்தில் எழுதினார். காத்திருக்கும் அறையில் என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள். கையில் டிராகன், தோளில் தேள், கழுத்தில் எண்கள். வேலைக்குப் போகவேண்டும், பாதுகாவலர் உடை போடவேண்டும், பெண் வீட்டார் பார்க்க வருகிறார்கள். ஆளுக்கொரு காரணம். பக்கத்து நாற்காலியில் முப்பது வயது மதிக்கத்தக்க லாரி டிரைவர் ஒருவர், பெயர் ராஜு, முழங்கையில் பூங்கோதை என்று எழுதியிருந்தது. என் நெற்றியில் மயக்கக் களிம்பு தடவி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நெத்தியில யாரு பேரு?"

"பேரு இல்ல தம்பி. கரி. விழுந்தது."

"ஓ. நான் வேணும்னே விழுந்தேன்" என்று முழங்கையைக் காட்டினார். "பொஞ்சாதி பேரு சாந்தி. சோறு போடும்போதெல்லாம் இதத்தான் பாக்குறா. கறி மட்டும் எனக்கு வரமாட்டேங்குது."

அம்மா அந்த அறையில் முதல்முறையாகச் சிரித்தாள். ராஜுவைப் பிறகு ஒவ்வொரு முறையும் பார்த்தேன். பூ போனது, கோ போனது. "தை மட்டும் நிக்குது அக்கா, தை பொறந்தா சரியாயிரும்" என்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் நாள். டாக்டர் சீனப் பெண், என் வயதுதான், மெதுவான மலாயில் பேசினார். விபத்தில் வரும் இந்த அடையாளங்களைப் பற்றி அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். தோல் கிழியும்போது வெளியிலிருந்து கரியோ தாரோ மண்ணோ உள்ளடுக்கில் மாட்டிக்கொள்கிறது. முதல் ஓரிரு நாளுக்குள் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டால் பெரும்பாலும் நிற்காது. நாள் தாண்டினால் தோல் அதன்மேல் மூடி, உள்ளேயே குடிவைத்துவிடும். லேசர் என்பது ஒரு வெளிச்சம். கண் இமைப்பதை விட எத்தனையோ மடங்கு குறைந்த நேரத்துக்கு அடிக்கும். கறுப்பு அதை உறிஞ்சிக்கொண்டு உடைந்து பொடியாகும். அந்தப் பொடியை உடம்பே வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துகொண்டு போய்விடும். உடைப்பது வெளிச்சம், கூட்டி அள்ளுவது நாம். நிறத்துக்கு நிறம் வேறு வெளிச்சம் வேண்டும். கறுப்பு எளிது. பச்சை கடினம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அடையாளம் ஆரம்பத்தில் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டார். எனக்கு ஆறு வயது, எனக்கென்ன தெரியும்? அம்மா பக்கம் திரும்பினார்.

அம்மா யோசிக்காமல் சொன்னாள். "பச்சை." டாக்டருக்குப் புரிய வேண்டுமே என்று மலாயிலும், "இஜாவ், டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உருப்பெருக்கிக் கண்ணாடியை என் நெற்றிமேல் பிடித்தார். எங்கே பச்சை, எனக்குக் கறுப்புதானே தெரிகிறது என்றார். நான் சிரித்துக்கொண்டே விளக்கினேன். எங்கள் மொழியில் ஊசியால் குத்தி நிறம் ஏற்றுவதற்குப் பச்சை குத்துவது என்று பெயர், நிறம் எதுவானாலும் அது பச்சைதான், அம்மா அந்தச் சொல்லைத்தான் மொழிபெயர்த்துவிட்டாள் என்று. சொல்லி முடிக்கும்போதே என் சிரிப்பு நின்றது. எங்கள் வீட்டில் அதற்குக் கரி என்றுதான் பெயர். முப்பது வருஷமாக அம்மா ஒருமுறைகூட அதைப் பச்சை என்று சொன்னதில்லை.

டாக்டர் இன்னும் கண்ணாடியை எடுக்கவில்லை. சுற்றியிருக்கும் புள்ளிகள் கரிதான், ஒன்று ஆழம், ஒன்று மேலே, விழுந்தபடி கிடக்கின்றன என்றார். நடுவட்டம் அப்படியில்லை. எல்லாம் ஒரே ஆழம். வரிசை வரிசையாக. "இது ஊசி வேலை, புவான். யாரோ பொறுமையாகச் செய்திருக்கிறார்கள்."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஓரத்தில் மட்டும் சோதனைக்காக இரண்டு மூன்று அடி. நம்முடைய மாநிறத்தில் கரியோடு தோலின் சொந்த நிறமும் போய் வெளுத்துவிடும் ஆபத்து உண்டு, அதனால் நான்கு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. நீலாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் மரங்களைச் சாய்த்து மண்ணைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். வீடுகள் வரப்போகின்றன. சிவப்பு மண். மழை பெய்திருந்தது.

"கரின்னுதான எப்பவும் சொல்லுவ. இன்னைக்கு ஏன்மா பச்சைன்னு சொன்ன?"

"ரயிலு என்னா வேகமா போவுது."

"அம்மா."

அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"அந்த டிரஸ்ஸரு, நாளைக்கும் தூக்கிட்டு வா, இன்னும் தேய்க்கணும்னாரு. நீ கத்துன கத்து எனக்குத் தாங்கல. நான் போவல. காயம் ஆறிப் பாத்தா, மொகத்து நடுவுல செதறிக் கெடக்குது. கொசு மொச்ச மாதிரி. பொம்பளப் புள்ள. எவன் கட்டுவான்னு எல்லாம் பேச ஆரம்பிச்சிட்டாளுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "மேல் லயத்துல ஒருத்தி பச்சை குத்துவா. நடுவுல வட்டமா ஒரு பொட்டு போட்டுட்டா மத்தது கண்ணுக்கு விழாதுன்னா. உனக்கு அப்ப காய்ச்சல். மருந்து குடுத்து மயங்கிக் கெடந்த. மடியில போட்டுக்கிட்டேன்."

எனக்கு ஒரு முழங்கால் நினைவிருந்தது. வெற்றிலை வாசனை ஒன்றும். அதை இத்தனை காலமும் கனவு என்று வைத்திருந்தேன்.

"ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? நீ கரின்னு நம்பிட்ட. கரின்னா யாரு மேலயும் குத்தமில்ல."

ரயில் சிரம்பானில் நின்றது. நான் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. அவளாகவே கம்பியைப் பிடித்து இறங்கினாள். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

சோதனை செய்த இடம் நன்றாகவே ஆறியது. முழுச் சிகிச்சை தொடங்கியது. ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒருமணி நேரம் களிம்பு ஊறவேண்டும். கண்களின்மேல் உலோக மூடி வைப்பார்கள், உலகம் இருண்டுவிடும். பிறகு டப், டப், டப். கருகின முடியின் வாசனை. பட்ட இடம் உடனே அவித்த முட்டை மாதிரி வெளுக்கும், கால்மணி நேரத்தில் சிவக்கும், ஊசிமுனை அளவில் ரத்தம் பூக்கும். பத்து நாள் பொருக்கு. சொறியக்கூடாது, வெயில் ஆகாது, வாசலின் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மாலதி வீட்டில் மல்லிகைப்பூவே வேண்டாம் அம்மா, வண்டு வந்து புண்ணில் உட்காரும் என்று பயந்தாள். அம்மா குடையோடு என்னைப் பின்தொடர்ந்தாள். குப்பை போடப் போனாலும் குடை.

நான் அவளிடம் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் என்னைக் காய்ச்சலில் கிடத்தி, என்னைக் கேட்காமல், என் முகத்தில் எழுதியிருக்கிறாள். அதை நாற்பது வயதுக்குப் பக்கத்தில் கண்டுபிடிப்பது என்ன மாதிரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரோ வாசித்துக்கொண்டிருந்த கடிதம் நான்.

மூன்றாவது சிகிச்சைக்குப் பிறகு கரிப் புள்ளிகள் எல்லாம் போய்விட்டன. வட்டம் மட்டும் சாம்பல் நீலத்தில், நிலா பகலில் தெரிவது போல. அன்று மாலை அம்மா வாசலின் தடவினாள். அவள் விரல் ரொம்ப நேரம் அங்கேயே நின்றது.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத."

"சொல்லு."

"உங்கப்பா போனப்ப என்னோடத ஒரு நிமிஷத்துல அழிச்சிட்டாங்க. ஒரு துணி, ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான். உனக்கு நடந்தப்ப நானும் அங்கதான உக்காந்திருந்தேன். உன் நாத்தனா தேய்க்குறா, தேய்க்குறா, போவல. புளி கேக்குறா. நான் முந்தானைய வாயில வச்சிருந்தது அழுவறதுக்கு இல்ல." கண்ணில் நீர் நின்றது, குரல் அசையவில்லை. "மாப்ள செத்த வீட்ல சிரிச்சேன்டி. தேய்ங்கடி, நல்லா தேய்ங்க, அது நான் வச்சதுன்னு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரலெல்லாம் வாசலின்.

நான்காவது சிகிச்சை, கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்பு. டாக்டர் கண்ணாடியில் பார்த்தார். இன்னும் ஒருமுறை முழுதாக அடித்தால் வட்டம் போய்விடும், ஆனால் அங்கே தோல் வெளுத்து நிற்கலாம், கொஞ்ச காலமா என்றென்றைக்குமா என்று வாக்குத் தரமுடியாது என்றார். இப்படியே விட்டால் பவுடருக்கடியில் மறைந்துவிடும். நான் படுத்தபடி யோசித்தேன். டாக்டர் அம்மாவைப் பார்த்து, பெரியம்மா என்பதுபோல மக்சீக் என்று அழைத்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள், வைத்துக்கொள்ளலாமா என்றார்.

அம்மா குடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"அது அவ நெத்தி" என்றாள், தமிழிலேயே. "ஒரு தடவ அவள கேக்காம செஞ்சது போதாதா? அவளையே கேளுங்க."

நான் மலாயில் சொன்னேன். எடுத்துவிடுங்கள், டாக்டர். உலோக மூடி கண்மேல் இறங்கியது. அம்மாவின் கை என் கணுக்காலைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது இறுகியது, எனக்கு வலித்ததை விட அதிகமாக.

வெளுத்துத்தான் நின்றது. ஐந்து காசு அளவுக்கு, சற்றே மங்கலாக. ராசா கோயில் மண்டபத்தில் அன்று மாலதியை மணவறைக்கு அழைத்துவந்தபோது சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். அங்கே எதையும் தவறாக வாசிக்க வழியில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பார்வையில் தெரிந்தது. ஐயர் தாரை வார்க்கப் பெண் வீட்டு ஜோடியைக் கூப்பிட்டார். அண்ணி மாலதியின் பெரியப்பாவைத் தேடிக் கழுத்தை நீட்டினார்.

நான் மணவறைமேல் ஏறினேன். பின்னாலேயே அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றினேன்.

"ஜோடி கேட்டேனேம்மா" என்றார் ஐயர், மெதுவாக.

"இதான் ஐயா ஜோடி. நானும் எங்கம்மாவும்."

யாரோ சிரித்தார்கள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். அண்ணி, "வசந்தா" என்று கீழேயிருந்து பல்லைக் கடித்தார். ஐயர் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். அவர், நான் மண்டபங்களில் பார்த்த அந்த ஒரு நொடியில் நின்றார். முகம் மாறியது, பிறகு இன்னொரு முறை மாறியது.

"நேரம் போவுது ஐயா" என்றார். "ஆரம்பிங்க."

நான் மாலதியின் கையை மாப்பிள்ளை கையில் வைத்தேன். அம்மா செம்பைச் சாய்த்தாள். ஐயர் போதும் என்று சைகை காட்டினார். அவள் பார்க்கவில்லை. தண்ணீர் எங்கள் கைகளில் வழிந்து, மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை நனைத்து, மணவறைப் பலகையில் சொட்டியது. செம்பு காலியாகும் வரை அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.